வீடும் அயலும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது தமிழ் பேசும் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒருவருடைய பொறுமையையும் பொருள் வலிமையையும் அளந்து காட்டுவதற்கு இவ்விரண்டு சோதனைகளே போதும் என்று முன்னோர் கருதினர். பிற ஊர்களில் இவை இரண்டு சோதனைகள். ஆனால், இலங்கையின் கிழக்குக் கரையிலே, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களிலே, இவை இரண்டும் ஒன்றேயாகும். பெண்ணுக்கு ஒரு வீடு ஆயத்தமான பின்னரே அவளுக்குக் கல்யாணம் பேசுவது அங்கு வழக்கம். ஆகவே, அங்குள்ள தாய் தந்தையர் தம் வாழ்நாளில் வாங்கும் வீடு பெரும்பாலும் தமக்காக வாங்கும் வீடன்று. மகளுக்காக வாங்கும் வீடு.

இவ்வழக்கத்தின் வேர் ஆழமானது. கிழக்குக் கரையின் முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும் ‘குடி’ என்னும் முறை தாய்வழியாக வருகின்றது. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். பெண் தன் தாயின் அயலிலே, சகோதரிகளின் பக்கத்திலே, பிறந்த வளவிலோ அதற்கு அடுத்த வளவிலோ குடியிருக்கிறாள். 1970-களில் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார். வீடு பெண்ணுடையது; ஆகவே, கணவன் இறந்தாலும், பிரிந்தாலும், கடல் கடந்து போனாலும், அவளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பதில்லை. வழக்கத்தின் உட்பொருள் அதுவே.

இப்பொழுது பாலமுனையிலே ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டியதில்லை, இத்தகைய குடும்பங்கள் அந்தக் கரையெங்கும் உண்டு. தந்தை மத்திய கிழக்கு நாடொன்றில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். பிறந்த வளவிலிருந்த வீடு வழக்கப்படி மூத்த மகளுக்குப் போய்விட்டது. தாயும் தந்தையும் அதன் பக்கத்தறையில் இருக்கின்றனர். இளைய மகள் பாடசாலையொன்றில் ஆசிரியை. அவளுக்கு ஒரு வீடு வேண்டும். வளவிலே இன்னொரு வீட்டுக்கு இடமில்லை.

தாய்க்கு ஒரே ஓர் எண்ணந்தான். “நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலே நீ இருக்க வேணும், மகள்” என்கிறார். அந்தத் தாயின் தாயும் அவ்வாறே சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் காலத்திலே வளவு என்பது தென்னை நிற்கவும், மாடு கட்டவும், பிள்ளைகள் ஓடியாடவும் இடம் கொண்டதாக இருந்தது. ஒரு வளவு இரண்டு மகள்மாருக்கு இரண்டாகி, பேத்திமாருக்கு நான்காகி, இன்று பேர்ச் கணக்கிலே வந்து நிற்கின்றது. நிலம் நீளவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், நடுவே ஒரு மணல் மேடு, அதன்மேலே தெரு, பள்ளிவாசல், பாடசாலை, கடை, வீடு எல்லாம்.

அந்தக் குடும்பத்தின் முன்னே மூன்று இடங்கள் வருகின்றன. ஒன்று கடற்கரைப் பக்கத்திலே. விலை குறைவு, காற்று நன்று. இரண்டாவது மேற்கே, வயலை நிரப்பி எடுத்த காணி, பரப்புப் பெரிது. மூன்றாவது ஊரின் நடுவே, தாயின் வளவுக்கு அடுத்த வேலி. சிறியது, விலையோ மிக உயர்ந்தது. தாயின் மனம் மூன்றாவதில் நிற்கின்றது. தந்தையின் கைப்பணம் முதலாவதைப் பார்க்கின்றது. மகள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் கடற்கரைக் காணியைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை வந்த ஆழிப்பேரலையை அந்தக் கரையில் மறந்தவர் எவருமில்லை. இலங்கையின் மாவட்டங்களிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களிலே கடலை அண்டியிருந்த தெருக்கள் முழுமையாக அழிந்தன. பின்னர் அரசாங்கம், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே அவ்வெல்லையைத் தளர்த்திற்று. எல்லை தளர்ந்தது; கடல் தளரவில்லை.

ஆழிப்பேரலை தலைமுறைக்கு ஒருமுறைகூட வராதென்று சிலர் சொல்லலாம். ஆனால் கரையை அரிக்கும் கடல் நாள்தோறும் வருகின்றது. பாலமுனைக்கு வடக்கே அடுத்த ஊர் ஒலுவில். அங்கே டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் துறைமுக வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையிலே அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. தெற்குப் பக்கத்திலே மணல் சேர்ந்தது. வடக்குப் பக்கத்திலே மணல் வராத கரையைக் கடல் தின்றது. தென்னந்தோட்டங்கள் வேரோடு சாய்ந்தன. மீனவர் வாடி அமைத்த கரை நீருள் மறைந்தது. அந்தக் காணிகளின் உறுதிகளில் ‘கிழக்கே கடல்’ என்று எல்லை எழுதப்பட்டிருந்தது. எழுதிய மையோ அப்படியே இருக்கின்றது. எல்லைதான் மேற்கே நடந்துவிட்டது.

சட்டமும் ஒன்று உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயமாகும். அதற்குள் கட்டடம் எழுப்புவதற்கு அனுமதி வேண்டும். கடற்கரையில் மலிவாக வாங்கியவர், அனுமதி கிடைக்காமல் வெறுங்காணியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். ஆகவே, விலை ஏன் குறைந்தது என்று கேட்பதே வாங்குபவரின் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

இனி மேற்கே வயற்பக்கம். கோடையிலே பார்க்கும்போது அது நல்ல மேட்டுநிலம்போலத் தோன்றும். லொறி லொறியாகக் கிறவல் கொட்டி, நான்கு மூலையிலும் கல் நட்டு, பாதையும் வெட்டியிருப்பார்கள். ஆயினும் நீருக்கு நினைவு உண்டு; தான் முன்பு நின்ற இடத்தை அது மறப்பதில்லை. வயல் நீர் வடிந்துபோகும் வாய்க்காலை நிரப்பிவிட்டால், நீர் நிரப்பிய இடத்தில் நில்லாதபோது பக்கத்து வீட்டுக்குள்ளே போகும். 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் கிழக்கிலே பெய்த பெருமழையில் இவ்வகை இடங்கள் பட்ட துன்பத்தைக் கண்டவர் பலர். புதிதாக நிரப்பிய மண் இறுகுவதற்கும் காலம் வேண்டும். அவசரப்பட்டு அதன்மேல் அத்திவாரம் இட்டால் சுவர் வெடிக்கும்.

இங்கும் சட்டம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்பக் கூடாது. காட்டப்படும் காணி அவ்வாறு அனுமதி பெற்று நிரப்பப்பட்டதா என்பதைக் கடதாசியைக் கண்ணாற் கண்டே அறிதல் வேண்டும். ‘எல்லோரும் நிரப்புகிறார்கள்’ என்பது ஓர் அனுமதிப்பத்திரமாகாது.

நிலத்தைப் பார்க்கச் சிறந்த காலம் மாரி காலமே. மழை ஓய்ந்த மறுநாட் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். பாதையிலே நீர் எவ்வளவு நேரம் நிற்கின்றது? பழைய மதில்களிலே ஈரக்கறை எந்த உயரத்தில் இருக்கின்றது? பாய் இழைக்கும் பன் தானாக முளைத்திருக்கின்றதா? பன் முளைக்கும் நிலம் நீர் நிற்கும் நிலம். அயலிலே வயது முதிர்ந்த ஒருவர் இருப்பாராயின், அவரிடம் சிறிது நேரம் உட்கார்ந்து கேட்பது பல ஆவணங்களைப் படிப்பதற்கு ஒப்பாகும். 1957 இன் வெள்ளத்தையும் 1978 நவம்பர் 23 இன் சூறாவளியையும் 2004 இன் கடலையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது, எந்த மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது இடம் தாயின் வேலிக்கு அடுத்தது. அது கடலுக்கும் வயலுக்கும் நடுவே உயர்ந்த மணலில் இருக்கின்றது. அச்சம் குறைவு. ஆயினும் அங்கு வேறொரு கேள்வி எழுகின்றது. அது கிணற்றைப் பற்றியது.

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று மேற்பட்டது. பத்துப் பேர்ச் காணி சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி வரும். ஆறு பேர்ச் ஆனால் 40 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருப்பது நன்று என்பது பொதுவான சுகாதார அறிவுரை. பத்துப் பேர்ச் காணியிலே ஒரு மூலையில் கிணற்றையும் எதிர்மூலையில் குழியையும் வைத்தால் தன் வீட்டுக் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் வேலிக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே இருக்கின்றது? அவர் தம் காணியின் எல்லையோரத்திலே குழி வெட்டியிருப்பார்; அதுவோ இந்தக் கிணற்றிலிருந்து பத்தடியில் இருக்கும். மணலில் நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. தெளிவான நீர் தூய நீர் என்பதற்கு உறுதியும் இல்லை.

கரையோர மணலிலே கிடைக்கும் நன்னீர் ஓர் அருமையான பொருள். மழைநீர் மணலுள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல், தன் இலேசினால், ஒரு வில்லைபோல மிதக்கின்றது. சிறிய இடத்திலே பல வீட்டார் மின்விசைக் குழாயால் ஓயாது இறைத்தால், மேலுள்ள நன்னீர் மெலிந்து, கீழுள்ள உப்புநீர் ஏறிவரும். ஆகையால் அயலிலே எத்தனை கிணறுகள், எத்தனை குழிகள், குழாய்நீர் இணைப்பு உண்டா என்று பார்த்தல் சுவரின் நிறத்தைப் பார்ப்பதிலும் முதன்மையானது. அயல் என்பது மனிதர் முகம் மட்டுமன்று. மண்ணுக்கு அடியிலும் ஓர் அயல் உண்டு.

அடுத்து உறுதியைப் பற்றிய கேள்வி. தாயின் அயற்காணிக்குச் சொந்தக்காரர் இறந்து பல ஆண்டுகளாகின்றன. மனைவிக்கும் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மார்க்க முறைப்படி பங்குண்டு. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் உரிமைவழிக் கட்டளைச் சட்டமும் அம்முறையை ஏற்றுக்கொள்கின்றது. விற்க வந்தவர் அப்பங்காளிகளுள் ஒருவரே. ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில், ஒருவர் விருப்பமின்றி இருக்கிறார். ஒரு பங்காளியின் கையெழுத்து, பிரிக்கப்படாத பங்கை மட்டுமே மாற்றும். மற்றவர் உரிமையை மாற்றாது. அதை வாங்கி வீட்டைக் கட்டியபின், பிரிவினை வழக்கு ஒன்று வந்தால், வீடு யாருடைய பங்கில் விழும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

காணி வாங்குபவர் சில விடயங்களை மனத்தில் நிறுத்துதல் வேண்டும். இலங்கையிலே காணி விற்பனை, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதியினாலேயே செல்லுபடியாகும். வெற்றுக் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குவது, நட்புக்கு அடையாளமாகலாம், காணிக்கு உறுதியாகாது. எழுதிய உறுதியைத் தாமதமின்றிக் காணிப் பதிவகத்திலே பதிவு செய்தலும் வேண்டும். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், நேர்மையாக விலை கொடுத்து முந்திப் பதிவு செய்தவரின் பக்கமே 1927 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சாய்கின்றது. வாங்குமுன் நொத்தாரிசைக் கொண்டு பதிவேட்டை முப்பது ஆண்டுக்காவது பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். ஈடு உண்டா, சீவியகால உரிமை ஒதுக்கப்பட்டிருக்கின்றதா, வழக்கு உண்டா என்பன அங்கே தெரியவரும்.

அரச அனுமதிப்பத்திரத்தின்மேல் உள்ள காணி வேறு வகை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணியை மற்றவர்போல் விரும்பியபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரியாமல் அத்தகைய காணிக்குப் பணம் கொடுத்தவர்கள், பணமும் காணியும் இல்லாமல் நின்றதுண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட வீடுகளுக்கும் நிபந்தனைகள் உளவோ என்று கேட்டறிதல் நன்று.

அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 இல் கடல் கொண்டுபோன வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். பின்னர் உதவியாகக் கட்டிய வீடுகள் வழங்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் குறுக்கே வந்தது. அச்சொல்லின்படி, பல இடங்களிலே புதிய வீடு கணவரின் பெயருக்கு எழுதப்பட்டது. இழந்தது தாய்வழி வந்த பெண்ணின் உடைமை. கிடைத்ததோ ஆணின் பெயரிலான உடைமை. ஒரு நல்ல வழக்கம் ஒரு படிவத்தின் ஒரு கட்டத்திலே கரைந்து போயிற்று. ஆதலால், மகளுக்காக வாங்கும் வீட்டின் உறுதியிலே மகளின் பெயர் தெளிவாக இருக்கின்றதா என்பதைத் தாயும் தந்தையும் கவனித்தல் வேண்டும். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வார்த்தையில் எத்தனையோ வீடுகள் தொலைந்திருக்கின்றன.

நேயர்களே! அரபு மக்களிடையே ஒரு பழமொழி உண்டு: வீட்டுக்கு முன் அயலவரைத் தேடு என்பது அதன் கருத்து. அயலைத் தேடுவது எப்படி? ஒரு பொழுது பார்த்தால் போதாது. காலையிலே பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும்போது பார்க்க வேண்டும். கல்முனை–அக்கரைப்பற்றுப் பிரதான வீதியைக் கடந்தா அவர்கள் போக வேண்டும்? இரவிலே பார்க்க வேண்டும். ஒரு பெண் தனியே நடந்து வரக்கூடிய வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உண்டா? ஒழுங்கையின் அகலத்தைப் பார்க்க வேண்டும். நோயாளியை ஏற்ற வண்டி வாசல்வரை வருமா? அந்த ஒழுங்கை பொதுவழியா, ஒருவருடைய காணியா என்பது வரைபடத்திலே இருக்கின்றதா? வேலி பற்றிய மனத்தாங்கல் அயலிலே உண்டா? சாவு வீடும் கல்யாண வீடும் வரும்போது அந்தத் தெருவார் ஒன்றுசேர்கிறார்களா? இவற்றையெல்லாம் விற்பவர் சொல்லமாட்டார், மூலைக்கடைக்காரர் சொல்வார்.

பாலமுனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மகள் ஒரேயொரு வேண்டுகோள் வைத்தாள். “உம்மா, இந்த மாரி போகட்டும், அதற்குப் பிறகு முடிவெடுப்போம்” என்றாள். தாய்க்குப் பொறுக்கவில்லை, விலை ஏறிவிடும் என்று தந்தையும் அஞ்சினார். ஆயினும் காத்திருந்தனர். மழை வந்தது. மேற்கே வாங்கவிருந்த காணியிலே நான்கு நாள் நீர் நின்றது. கடற்கரைக் காணிக்குக் கட்டட அனுமதி எளிதிற் கிடையாதென்று தெரியவந்தது. தாயின் அயற்காணிக்கு ஒரு பங்காளி கையெழுத்திட மறுத்தார்.

இறுதியில் அவர்கள் தெரிந்தெடுத்தது நான்காவது ஓர் இடம். தாயின் வளவிலிருந்து பத்து நிமிட நடை. உயர்ந்த மணல். வீடு பழையது, சிறியது. கூரை மாற்ற வேண்டும். ஆனால் கிணறு நன்று, குழாய்நீரும் உண்டு, உறுதி ஒரே பெயரில் தெளிவாக வந்தது, பதிவேட்டில் மறுப்பில்லை. கையிலுள்ள பணத்துக்குள் அடங்கியது. ஆகவே கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. உறுதி மகளின் பெயருக்கு எழுதப்பட்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரம் அல்லவே என்று தாய் வருந்தினார். “நீங்கள் கூப்பிட வேண்டாம், உம்மா, நான் பாடசாலை விட்டு வரும் வழியிலேதான் உங்கள் வாசல்” என்றாள் மகள்.

தாயின் அருகிலே மகள் இருத்தல் வேண்டும் என்று முன்னோர் வகுத்தது, அவள் ஒருநாளும் நிழலற்று நிற்கலாகாது என்பதற்காகவே. நீர் ஏறும் நிலத்திலே, உப்பேறும் கிணற்றருகிலே, தெளிவற்ற உறுதியின்மேல், தாயின் வேலியோடு ஒட்டி ஒரு வீட்டைக் கொடுப்பதனால் அந்நோக்கம் நிறைவேறாது. நிலமும் நீரும் உறுதியும் அயலும் நல்லனவாயின், பத்து நிமிட நடை ஒரு தூரமன்று. முதல் வீட்டை வாங்க முனைவோர், எந்த ஊரிலிருப்பினும், ஒரு மாரி காலம் பொறுத்திருந்து பார்ப்பாராயின், பின்னர் பல மாரிகளை அந்த வீட்டினுள்ளே அமைதியாகக் கழிக்கலாம்.